தண்ணீர் மேல் போன கார்

அன்பு மகன் ராகுலுக்கு அம்மா பச்சையம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் ரொம்ப நிற்காமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று கங்கையம்மனைக் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் நைனா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. உன் கூட்டாளி விமல் லீவு முடிந்து பஹ்ரைனுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இறால் கருவாட்டோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். உன் தங்கச்சி பூவிழி பொன்னேரி காலேஜுக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, நண்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர் முகத்தைச் சுளிக்கிறான், ஏரி கடலில் சேர்கிற முகத்துவாரம் மறுபடி மண் மூடிக்கொண்டு வருகிறது, எல்லாம் எப்போதும் இருக்கிற கதைதான், சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

நீ அனுப்பிய மெசேஜைப் பூவிழி படித்துக் காட்டினாள். ஏரிமேல் கார் போகிற போட்டோ உன் ரூமில் இருப்பவர்கள் போனுக்கெல்லாம் வந்துவிட்டது, இது எங்க ஊர், எங்க நைனா தள்ளின படகு என்று எல்லாரிடமும் காட்டினாயாம். ஆனால் படத்தில் நைனா எங்கே, போன் பண்ணினால் ஏன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டிருந்தாய். அதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்தக் காரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தாலாட்டுக்குப் பதில் அந்தக் கதையைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் சினிமாக் கம்பெனிக்காரர்கள் பால் நிறத்தில் நீளமாக ஒரு வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்து, இரண்டு மரப் படகைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு அதில் ஏற்றி ஏரியில் விட்டார்கள். கழி போட்டுத் தள்ளியது உன் நைனா. கார் தானாகவே தண்ணீர் மேல் வருவதுபோல் தெரிய வேண்டும் என்று அவரைக் காருக்குப் பின்னால் குனிந்துகொள்ளச் சொன்னார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது, ஹீரோவுக்குக் கிடைத்த பேர் அந்தக் காருக்கும் கிடைத்தது. கொட்டகைக்கு என்னைக் கூட்டிப்போய், கார் வருகிற இடத்தில் எழுந்து நின்று அந்தச் சக்கரத்துக்குப் பின்னாடி நான்தான் என்று சொன்னார், பின்னால் இருந்தவர்கள் மறைக்காதே உட்காரு என்றார்கள். அன்றிலிருந்து ஊரில் அவர் கார் அங்கமுத்து. அது கேலிக்கு வைத்த பேர் என்று அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாரா என்று எனக்கே தெரியாது.

அந்தக் கார் எங்கோ ஒரு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததாம். சென்னையில் ஒருவர் அதை வாங்கி, வருஷக்கணக்கில் மெனக்கெட்டுப் புதுசு மாதிரி ஆக்கி, அதே ஏரியில் அதே மாதிரி ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று பொங்கல் கழித்து நம் வீட்டைத் தேடி வந்தார். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். இந்தத் தடவை நீங்க குனிய வேணாம் பெரியவரே, வண்டிக்கு முன்னால கழியோட நில்லுங்க, வண்டியும் நீங்களும்தான் படத்தில் என்றார். உன் நைனாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படி இல்லை. எப்போது வரட்டும் என்று அவர் கேட்டதற்கு, அமாவாசைக்கு வாங்க, அன்னைக்குத்தான் தண்ணி ஏறும், தரை தட்டாது என்று உன் நைனா சொல்லி அனுப்பிவிட்டார். தண்ணீரைப் பார்த்தாரே தவிர, அன்றைக்கு யார் வீட்டுப் பாடு என்று யோசிக்கவில்லை. இத்தனை வருஷம் ஏரியில் இருந்தவர்.

நீ ஊரை விட்டுப் போய் இதெல்லாம் மறந்துகூடப் போயிருக்கும். ஏரிக்குள் ஓடுகிற கால்வாயில் கம்பு நட்டு வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை வைத்து வருவதுதான் பாடு, அதிலும் அமாவாசை, பௌர்ணமியில் வந்தால்தான் இறால் ஓட்டம், அது ஒரு வீட்டுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். அந்த அமாவாசை எல்லம்மா வீட்டுப் பாடு. புருஷன் கை கால் விழுந்து படுத்ததிலிருந்து அவள்தான் ஆள் வைத்து வலை கட்டுகிறாள், போன சுற்றில் மழை கெடுத்துவிட்டது. காரும் அந்தக் கால்வாய் வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு அவள் கம்பையும் வலையையும் பிடுங்க வேண்டும். ஊர்க் கூட்டத்தில் அவள் கத்தவில்லை, சண்டை போடவில்லை. அண்ணே, உன் காரு போவட்டும், எம் புள்ளைங்களுக்கு இன்னா வழின்னு மட்டும் சொல்லிட்டுப் போ என்றாள். உன் நைனா எழுந்து, பௌர்ணமிக்கு வருகிற எங்கள் வீட்டுப் பாட்டை எல்லம்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊர்க் கட்டு உனக்குத் தெரியும், விட்டுக்கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வாங்க முடியாது. இந்தச் சுற்றில் நமக்குப் பாடு இல்லை.

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்தப் பௌர்ணமியை நம்பித்தான் இருந்தேன், வலை மாற்றலாம், நானும் கொஞ்ச நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காலை நீட்டலாம் என்று. ஒரு போட்டோவுக்காகவா என்று கேட்டேன். நான் இருந்தேன்னு ஒரு வாட்டி எல்லாரும் பாக்கட்டும் பச்சம்மா என்றார். நீ அனுப்பிய வெள்ளைச் சட்டையை நானே தேய்த்துக் கொடுத்தேன்.

அன்று காலையில் லாரியிலிருந்து காரை இறக்கினார்கள். பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது, என் முகம் அதில் தெரிந்தது, இவ்வளவு கிழவியாகிவிட்டேனா என்று நினைத்துக்கொண்டேன். இப்போது மரப் படகு ஏது, இரண்டு பைபர் படகைக் கட்டினார்கள், அது லேசு, பாரம் ஏற்றினால் அமராமல் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆட்கள் காருக்குப் பின்னால் மறைந்து தள்ள, உன் நைனா முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டு போனார். கரையில் ஊரே நின்றது, எல்லம்மாவும் நின்றாள். நடு ஏரியில் காற்று திரும்பிப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டை நழுவிவிட்டது, கார் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. உன் நைனா கழியைப் போட்டுவிட்டுக் கழுத்தளவுத் தண்ணீரில் குதித்து, சாய்ந்த பக்கத்துக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றார், அந்த இரண்டு பேரும் கட்டையைச் சரியாக வைக்கிற வரைக்கும். போட்டோக்காரர் வேறு படகில் இருந்து எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார், அப்போது எடுத்ததுதான் உனக்கு வந்த படம். கரைக்கு வந்ததும் கார்க்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஏறி உட்காருங்க என்று கெஞ்சினார். துணி ஈரம், சீட்டு பாழாயிடும் என்று சொல்லிவிட்டு இவர் நின்றுகொண்டே டீ குடித்தார். மறுபடி எடுக்கலாம் என்றால் வெயில் ஏறிவிட்டது, வெள்ளைச் சட்டை சேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது, கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தப் படத்தில்தான் கார் நன்றாக வந்திருக்கிறது என்று அதையே வெளியிட்டார்கள். கார் அங்கமுத்து மறுபடி காணோம் என்று ஊரில் சிரிக்கிறார்கள். அவர் இன்னும் அதைப் பார்க்கவில்லை, காட்டினால் கண்ணு தெரியல என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார். தோள் வீக்கம் இன்னும் வடியவில்லை, உன்னிடம் சொல்லக் கூடாது என்றார், நான் சொல்லிவிட்டேன். பௌர்ணமிக்கு எல்லம்மாவுக்கு நல்ல இறால் பட்டது, ஒரு கூடை கொண்டுவந்து நம் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதைக் காய வைத்ததுதான் விமல் கொண்டுவருவது, நாலு பேருக்குக் கொடுத்துச் சாப்பிடு.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, பின் சக்கரத்துக்குக் கீழே படகின் விளிம்பைப் பார். ஒரு கை பிடித்திருக்கும், சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும். கெளுத்தி முள் குத்தி மடங்காமல் போன விரல், உனக்குத் தெரியாததா. நேற்றுப் பூவிழியின் போனில் நான் பார்த்தேன், அவளிடம்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நீயாகவே கண்டுபிடித்ததுபோல், நைனா, படத்துல உன் கையப் பாத்தேன் என்று சொல்லு. அது போதும். நம்பமாட்டார், அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி அவருக்கு அனுப்பு.

நீ நூறு வயசு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், கங்கையம்மன் கூடவே இருப்பாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மறந்துவிடாதே.

உன் அம்மா,
அ. பச்சையம்மா