கலங்களுக்குத் தொற்றிய நாள்

புதன், இரவு

ஆய்வுகூடத்தில் நாங்கள் வளர்க்கும் ஈரற் புற்றுநோய் உயிர்க்கலங்களுக்குள் இன்று, ஈரலைத் தாக்கிக் கண்ணை மஞ்சளாக்கும் செங்கமாரி வைரஸ் ஒருவழியாகப் புகுந்துவிட்டது. அது புகுந்தால்தான் மருந்துகளைச் சோதிக்கலாம். எல்லோரும் கைதட்டினோம்.

திரும்பும் வழியில் குருநகரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருடைய ஈரலிலும் அதே வைரஸ்தான். போன கிழமை ஸ்கானில் ஒரு கட்டியும் தெரிந்தது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார்.

“என்ன பிள்ளை, சந்தோசமா வாறாய்?”

“கலங்களுக்குத் தொற்றிட்டுது, அண்ணை.”

அவர் சிரித்தார். “எனக்குத் தொற்றினதெண்டு தெரிஞ்சபோது அழுதனியெல்லே?”

இனி மருந்துகளைச் சோதிக்கலாம் என்றேன்.

“அந்த மருந்து எனக்குக் கிடைக்குமே?”

“இல்லை, அண்ணை. கனகாலம் செல்லும்.”

“அப்ப என்ரை கட்டியிலையும் கொஞ்சம் எடுத்து வளர்த்துப் பாரன்.”

மாட்டன் என்றேன். ஏனென்று அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கட்டியைக் காட்ட அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போக நான் இன்னும் லீவு கேட்கவில்லை.