பலகைக்கு மட்டும் லைசன்ஸ்

மிஸ்ஸி,

எனக்கு வருடத்தை எண்ணில் சொல்ல வராது. கொரோனாவுக்கு அடைத்த ரோடுகளை முழுக்கத் திறந்துவிட்ட வருடம். எங்கள் பழைய தோட்டத்தில் மிச்சமிருந்த ரப்பர் மரங்களையும் சாய்த்துச் செம்பனை வைத்த வருடம். உங்கள் இடது கண்ணுக்கு ஆபரேஷன் நடந்த வருடம். அந்த வருடத்தில்தான் என் பேத்தியை நானே கொண்டுபோய் அந்த இல்லத்தில் விட்டேன்.

நான் சொல்லச் சொல்ல என் மகள் இதை எழுதுகிறாள். முந்தாநாள் உங்கள் பெயருக்கு கவர்மென்டிலிருந்து ஒரு பழுப்பு உறை வந்தது. அந்த இல்லத்தைப் பற்றி நாம் எழுதிய புகாரில் பதில் முகவரியாக என் வீட்டைத்தானே கொடுத்தீர்கள். புகாரை உறுதி செய்ய நீங்கள் நேரில் வர வேண்டுமாம். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தவரை ஒரு வரி எழுதாதவர்கள் இப்போது உங்களைத் தேதி போட்டுக் கூப்பிடுகிறார்கள். அந்த உறையைக் கிழித்துப் போடத்தான் முதலில் கை போனது.

பேத்திக்கு அப்போது பதினைந்து வயது. சாப்பாட்டை விட்டாள், பள்ளியை விட்டாள், சுவரைப் பார்த்துப் பேசினாள். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, அடுத்த முறை வரத் தூரத்தில் ஒரு தேதி போட்டார்கள். அதுவரை தாங்காது என்று பயந்தோம். சிம்பாங் அம்பாட் பக்கம், செம்பனைக்குள்ளே, இந்த மாதிரிப் பிள்ளைகளைத் தங்க வைத்துக் குணமாக்குகிறார்கள் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள்.

போய்ப் பார்த்தேன். முன்னறைச் சுவரில் கண்ணாடி போட்ட ஒரு தாள். சின்னம் இருந்தது, கையெழுத்து இருந்தது, சிவப்பாகச் சாப்பு இருந்தது. மிஸ்ஸி, முத்திரை குத்திய தாள் எனக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். என் சிவப்பு ஐ.சி. நீலமாக மாறி, நான் இந்த நாட்டுக் குடிமகன் ஆனது அப்படி ஒரு தாளால்தான். சாப்பு இருந்தால் கவர்மென்ட் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டு, காட்டிய இடத்தில் பெருவிரலை வைத்தேன்.

மூன்றாம் முறை பார்க்கப் போனபோது நீங்களும் வந்தீர்கள். "நானும் வாறன், நாப்பது வருசம் நர்ஸா வார்டில நிண்டவள், ஒருக்காப் பார்ப்பம்" என்றீர்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தத் தாளில் மூக்கு இடிக்க நின்றீர்கள்.

"நீர் எதைப் பார்த்து நம்பினீர்?"

"இதத்தான் மிஸ்ஸி. சாப்பு அடிச்சிருக்குல்ல?"

"என்ன மனுஷன் நீர்! இது வெளியில தொங்குற பலகைக்குக் குடுத்த லைசன்ஸ். எத்தனை அடி நீளம், என்ன நிறம் எண்டு எழுதிக் கிடக்கு. உள்ள இருக்கிற பிள்ளையளைப் பற்றி ஒரு சொல் இல்லை."

நடத்துகிறவன் சிரித்தபடி வந்தான். "மத்த லைசன்ஸெல்லாம் அப்ளை பண்ணியாச்சி லா, ஆன்ட்டி."

"நான் உமக்கு ஆன்ட்டி இல்லை. மருந்து ஆர் எழுதினது? டொக்டர் எங்க?"

"வருவாரு."

"எண்டைக்கு?"

நீங்கள் நேரே சமையலறைக்குப் போய்விட்டீர்கள். அங்கே ஊறுகாய்ப் போத்தல் ஒன்றில் எல்லாப் பிள்ளைகளின் மாத்திரைகளும் கலந்து கிடந்தன. சமையல்காரர் மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டு, "யாரு சத்தம் போட்டாலும் இதுல ரெண்டு எடுத்துக் குடுக்கச் சொல்றாங்கம்மா. அப்பவும் அடங்கலன்னா பின்னால ரூம்ல பூட்டு" என்றார். பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நீங்கள் அவள் நாடியைப் பார்த்தீர்கள். "காரில ஏத்தும்" என்றீர்கள்.

அவளைக் கூட்டிவந்துவிட்டோம். மற்றப் பிள்ளைகள் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நாம் ஏறிய படிகள்! பலகைக்கு லைசன்ஸ் தந்த இடத்தில், "பலகை சரியாத்தான் இருக்கு" என்றார்கள். அடுத்த அலுவலகத்தில், "பராமரிப்பு இல்லம்னா நாங்க. இவங்க சிகிச்சைன்னு சொல்றாங்களே" என்று கைகாட்டி அனுப்பினார்கள். மூன்றாவதில், "சிகிச்சைன்னா டாக்டர் இருக்கணும். அங்கதான் டாக்டரே இல்லையே, அப்ப எங்க கீழ வராது" என்றார்கள். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தீர்கள். "டொக்டர் இல்லாததுதான் குற்றம். டொக்டர் இல்லாதபடியால் குற்றம் இல்லையாம்."

அன்றே புகாரை மலாயில் எழுதினீர்கள். மாணிக்கமும் வேலையை விட்டுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். என் முறை வந்தபோது நீங்கள் மைப்பெட்டியை உடனே தரவில்லை. "இனி ஒரு தாளிலயும் கேளாமல் விரல் வைக்கக் கூடாது" என்று, முழுவதையும் தமிழில் மூன்று தரம் சொல்லிக் கேட்கவைத்த பிறகுதான் தந்தீர்கள்.

அதிகாரிகள் பார்க்கப் போன நேரத்தில் இல்லம் காலி. பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போன மாதம் சுங்கை ஊடாங் பக்கம் என் மகள் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள், அதே பெயர், அதே நிறம். மேல்மாடி ஜன்னலெல்லாம் கம்பி. பலகைக்குப் புது லைசன்ஸ் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேற்று மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு அந்த உறையோடு அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். நம் தமிழ்ப் பையன் ஒருவன்தான் மேசையில் இருந்தான்.

"இந்த மிஸ்ஸி வரலையா?"

"இறந்துட்டாங்க தம்பி."

"மாணிக்கம்?"

"உம்பாய் ஊருல மீன்கடைக்கு வேலைக்குப் போனாரு. போன வருஷம் அங்கேயே விழுந்து செத்துட்டாரு."

"அப்ப இந்தக் கைநாட்டு உங்களோடதா? தாத்தா, கோவிச்சுக்காதீங்க. என்ன எழுதியிருக்குன்னு தெரியாமத்தானே வச்சிருப்பீங்க?"

நான் சொல்ல ஆரம்பித்தேன், மிஸ்ஸி. 'கீழே பெயர் எழுதிய நாங்கள் மூவரும்' என்பதிலிருந்து, போத்தல், பூட்டிய அறை, அதற்கு வெளிப்பக்கம் மட்டும் இருந்த தாழ்ப்பாள் என்று, நீங்கள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு. அவன் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தான். பாதியில் "போதும் தாத்தா" என்றான். நான் நிறுத்தவில்லை. உங்கள் எழுத்து என்னிடம் இருப்பது இப்படித்தான். கடைசி வரி வரை சொல்லித்தான் விட்டேன்.

அவன் குரல் இறங்கிவிட்டது. "இதெல்லாம் சரிதான். ஆனா நீங்க முன்னறையில நின்னவரு. அந்த ரூமுக்குள்ள இருந்தவங்க யாராவது சொல்லணும். இல்லன்னா ஃபைல மூடச் சொல்லிட்டாங்க. அங்க இருந்த மத்தப் பிள்ளைங்க பேராவது தெரியுமா?"

தெரியாது. அங்கே பிள்ளைகளைக் கட்டில் நம்பரால்தான் கூப்பிட்டார்கள். தெரிந்த ஒருத்தி என் பின்னால் நாற்காலியில் இருந்தாள். அந்த அறையைப் பற்றி அவள் பெற்ற தாயிடமும் இதுவரை வாய் திறந்ததில்லை. இப்போதுதான் தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள். மறுபடி அவளை அதற்குள் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

"யாரும் இல்ல தம்பி" என்றேன்.

நாற்காலி நகர்ந்தது. "பொய் சொல்லாதீங்க தாத்தா. நான் இருக்கேன்ல?"

அவன் பேனாவை எடுத்தான். "பேரு?"

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

நான் சொன்னேன், மிஸ்ஸி. அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"தர்ஷினி."