கோட்டுப் பையில் ஒரு கிலோ

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் அதே இத்தாலிக்காரன் சூப்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது, இத்தாலி காய்கறி சூப் என்று. காரட், செலரி, தக்காளி, வெள்ளை பீன்ஸ், கடைசியில் ஒரு கைப்பிடி குட்டி மக்ரோனி. எல்லாம் வெந்து வீடே மணக்கும்போது மிக்ஸியில் போட்டுக் கூழாக அடித்துவிட வேண்டும். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு இறங்குவது அது ஒன்றுதான்.

"இவ்வளவு அழகா நறுக்கிட்டு எதுக்குடி அரைக்கிறே?" என்றார், அந்தக் கரகரத்த குரலில்.

"அரைக்காமக் குடுத்தா புரையேறிப் போய்ச் சேர்ந்துடுவீங்க, பரவாயில்லையா?" என்றேன். என் வாய் இருக்கிறதே!

எனக்கு அமுக்கின சாண்ட்விச். நடுவில் சீஸும் வதக்கின குடமிளகாயும் வைத்து, சட்டியில் போட்டு, மேலே எடைக்கல். பேக்கரியில் அவர் மாவு நிறுத்த ஒரு கிலோ கல், ஃபாயில் தாள் சுற்றி வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷம் ரொட்டி சுட்ட மனுஷன். கட்டிலில் படுத்தபடியே வாசனையை வைத்து "திருப்பு" என்பார். திருப்பினால் அப்படியே பொன்னிறம். ஒரு நாளும் தப்பியதில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று அவர் எடை நாற்பத்திரண்டு கிலோ இருநூறு. நாற்பத்திரண்டுக்குக் கீழே இறங்கினால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடுவார்களாம். எடை பார்க்கிற நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

அரைக் கிண்ணம் குடித்தார். மீதி சாக்கடைக்கு.

மார்ச் 13, வியாழன்

நாற்பத்திரண்டு எழுநூறு! ஏறியிருக்கிறது! நர்ஸே கை தட்டினாள். நான் வராந்தா என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன். அவர் மட்டும் உம்மென்று நின்றார். குளிர்கிறது என்று கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

சாயங்காலம் பார்த்தால் கல்லைக் காணோம். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கி வைத்து அமுக்கினேன். ரொட்டி சப்பென்று இருந்தது. சந்தோஷத்தில் அதுவும் இறங்கிவிட்டது.

மார்ச் 14, வெள்ளி

கல் அதன் இடத்திலேயே இருக்கிறது. நேற்று என் கண் என்ன அவிந்தா போயிருந்தது?

மார்ச் 16, ஞாயிறு

கோட்டுக்கு இஸ்திரி போட்டேன். லாண்டரியில் பதினெட்டு வருஷமாகப் பெட்டி பிடிக்கிறவள் நான். துணி என்னிடம் பொய் சொல்லாது. உள்பை கீழே தொங்கி, தையல் இழுத்துப் பிரிந்திருந்தது. உள்ளே ஃபாயில் தாள் துணுக்கு ஒன்று.

வியாழக்கிழமை ஏறியது என் சூப் இல்லை. கல்.

"அடப்பாவி மனுஷா, யாரை ஏமாத்துறீங்க? அந்த நர்ஸையா, என்னையா?" கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். குறைக்கட்டும்.

"வாயால சாப்பிடுறது ஒண்ணுதாண்டி எனக்கு மிச்சம். ரொட்டி சுட்டவனுக்கு வயித்துல குழாயா? சொல்லிடாதே." கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்புச் சூடு பட்டுப் பட்டுக் காய்த்த கை. அதில் இப்போது எலும்புதான் இருக்கிறது.

சொல்ல வேண்டும். சொல்லத்தானே வேண்டும்?

மார்ச் 19, புதன்

உள்பைக்கு இரட்டைத் துணி கொடுத்துத் தைத்தேன். நானேதான். தினம் இரண்டு கிண்ணம் குடிப்பதாக என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறார். இரண்டு வாரத்தில் உடம்பு தேறிவிட்டால் கல்லுக்கு வேலையே இருக்காது.

மார்ச் 20, வியாழன்

நாற்பத்திரண்டு நூறு. கல்லோடு.

"நல்லா பாத்துக்கிறீங்கம்மா" என்றாள் நர்ஸ். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

இரண்டு கிண்ணமாவது ஒன்றாவது. நாலு கரண்டி. "நாளைக்குக் குடிக்கிறேன்" என்கிறார், ஹோம்வொர்க் செய்யாத பிள்ளை மாதிரி. என் சாண்ட்விச்சுக்கு மட்டும் "திருப்பு" வந்தது. குரல் வரவில்லை. உதடு அசைந்தது, பார்த்துத் திருப்பினேன்.

மார்ச் 26, புதன்

குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். நானும் பக்கத்து வீட்டுக்காரருமாகத் தூக்கினோம். நான் ஒருத்தியே தூக்கியிருக்கலாம். அவ்வளவுதான் கனம்.

ஆஸ்பத்திரியில் கட்டிலோடு எடை பார்த்தார்கள். முப்பத்தொன்பதரை. டாக்டர் அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஆறு நாள்ல ரெண்டரை கிலோவா? எப்படிம்மா?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பை தைத்ததைக்கூட.

"அன்னிக்கே தெரிஞ்சிருந்தா குழாய் வெச்சுத் தேத்தியிருக்கலாம். இப்போ நுரையீரல்லயும் சளி கட்டியிருக்கு. உடம்பு தாங்காது" என்றார். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

நான்தானே தைத்தேன். ஊசியில் நூல் கோத்தது இந்தக் கைதானே. அவர் கேட்டால் நான் செய்துவிடுவதா? எனக்குப் புத்தி எங்கே போனது?

மார்ச் 29, சனி

சூப் கொண்டுபோனேன். நர்ஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். கரண்டி நுனியில் தொட்டு உதட்டில் வைத்தேன்.

"உப்பு கம்மி" என்று அவர் உதடு அசைந்தது.

கம்மிதான்.

ஏப்ரல் 12, சனி

காரியம் முடிந்து இன்று லாண்டரிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் சுவர்தான் பேசுகிறது.

வந்து சூப் வைத்தேன். பழக்கத்தில் மிக்ஸி ஜாரைக் கழுவித் துடைத்து மேடையில் வைத்துவிட்டேன். அப்புறம் எடுத்து அலமாரியில் வைத்தேன். காரட் துண்டு துண்டாகவே கிடந்தது. ருசியாகத்தான் இருந்தது, அதுதான் கோபம் வருகிறது.

ரொட்டியைச் சட்டியில் போட்டேன். மேலே கல்லை வைத்தேன். வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

புகை வந்த பிறகுதான் திருப்பினேன். ஒரு பக்கம் கரியாகிவிட்டது. சுரண்டிவிட்டுத் தின்றேன்.