குதிரைக்காரனுக்கு வைத்த கொள்ளு

காரில் இன்னும் கொள்ளு வாசம் போகவில்லை. சனிக்கிழமை டர்ன்பைக் நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் ஒருவன் சட்டென்று காரைக் குறுக்கே விட்டான். பிரேக்கை மிதித்ததில் பின்சீட்டில் வைத்திருந்த தூக்குப்போசி சாய்ந்து, கொள்ளு ரசம் முழுவதும் விரிப்பில் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று, கண்ணாடிகளை இறக்கி வெயிலில் நிறுத்தியாயிற்று. இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பக் கதவைத் திறந்தால் சீரகமும் பூண்டும் கொள்ளுமாக மூஞ்சியில் வந்து அடிக்கிறது. உன்மேல் எனக்குக் கோபமில்லை. எல்லாம் அந்தக் குதிரைக்காரன்மேல்தான். அவனுக்குக் கொண்டுபோன சாப்பாடு அது.

"எந்தக் காலத்துலயோ செத்துப்போனவன்கிட்ட உனக்கென்ன மாப்ள போட்டி?" என்று நீ ஒருமுறை கேட்டாய். அன்று பதில் சொல்லாமல் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். நீ குறுக்கே பேச முடியாது என்பது ஒரு வசதி.

அமெரிக்காவுக்கு நாம் ஒரே ப்ராஜெக்டுக்காக ஒன்றாக வந்து இறங்கினோம். நீ கோபி, நான் பெருந்துறை. ஒரு படுக்கையறை அபார்ட்மெண்டில், ஒரே குக்கரில் கொள்ளு வேகவைத்துச் சாப்பிட்டோம். மிளகாயை நீ அளவில்லாமல் கிள்ளிப் போடுவாய், நான் கண்ணில் தண்ணீர் வழியத் தின்பேன். பிறகு ஆபீசில் லிண்டாவைப் பார்த்தாய், கல்யாணம் செய்துகொண்டாய். சர்ச்சில் உன் பக்கத்தில் இரவல் கோட்டில் நின்றது நான். எனக்கு ஊரில் பெண் பார்த்து சுமதி வந்தாள். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வீடு வாங்கினோம். சனிக்கிழமை மட்டும் நமக்கு. காலையில் எடிசனில் இருக்கும் நம்மூர்க் கடைக்குப் போய்க் காய்கறி வாங்குவது, தோசை தின்பது, ஆபீசில் இருக்கிறவர்களை எல்லாம் திட்டித் தீர்ப்பது. லிண்டாவும் சுமதியும் அந்த நாளை நமக்கு எழுதியே கொடுத்துவிட்டார்கள். வெளியே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்காத நாள்தான். ஆனால் வாரம் முழுக்க நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையைத்தான் குதிரைக்காரன் எடுத்துக்கொண்டான்.

லிண்டாவின் அம்மா இறந்து, எல்லோரும் கூடியிருந்த இடத்தில் லிண்டாவுடைய வயதான அத்தை ஒருத்தி, தங்கள் குடும்பத்தில் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படையில் இருந்தார் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். பெயர் அவளுக்கு நினைவில்லை. லிண்டா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை, வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். உனக்குத்தான் பிடித்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை எடிசனுக்குப் பதிலாக நூலகத்துக்குப் போனாய். அதற்கடுத்த வாரம் வேறு ஏதோ ஊர் ஆவணக் காப்பகம். நான் தனியாகக் கத்திரிக்காய் பொறுக்கினேன்.

கடைசியில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாக போன் செய்தாய். லிண்டாவின் தாத்தாவுடைய அப்பா பெயர் தாமஸ். அந்தக் குதிரைப்படையிலும் அதே ஊர்ப்பக்கத்துக்காரன், அதே குடும்பப் பெயர், ஒரு தாமஸ் இருந்தான். வயதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் லிண்டாவுடைய தாமசுக்கு இந்தச் சிப்பாய் தாமஸ் தாத்தாவாக இருக்க வேண்டும்.

"தாத்தா பேரைத்தான் பேரனுக்கு வெச்சிருக்காங்க மாப்ள. நம்மூரு மாதிரியேதான்" என்றாய்.

நானும் ஆமாம் போட்டேன். நம் இருவருக்கும் அதில் கடுகளவு சந்தேகமும் வரவில்லை. அப்பன் பெயரை எவனாவது மகனுக்கு வைப்பானா? சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் ஆத்தாக்காரி புருசன் பெயரையல்லவா சொல்லிக் கத்த வேண்டும்? ஒரே பெயரில் இரண்டு ஆள் இருந்தால் ஒருவர் தாத்தா, இன்னொருவர் பேரன். உலகத்துக்கே இதுதான் வழக்கம் என்று இரண்டு கொங்கு நாட்டுக்காரர்கள் முடிவுகட்டினோம்.

தெற்கே பைன் காட்டைத் தாண்டி ஒரு சின்ன சர்ச். அதன் பின்னால் அவன் கல்லறைக் கல். குறுக்காக வைத்த இரண்டு வாள் செதுக்கியிருந்தது. பாசி பிடித்து எழுத்தே தெரியவில்லை. நீ ஒரு வாளியும் மெத்தென்ற பிரஷ்ஷும் வாங்கினாய். சோப்புப் போட்டால் கல் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னார்களாம், வெறும் தண்ணீர் ஊற்றி மணிக்கணக்கில் தேய்த்தாய். உன் காரைக்கூட நீ அப்படிக் கழுவிப் பார்த்ததில்லை.

பொறாமை எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது. பிறகு "எங்க தாத்தா" என்று சொல்ல ஆரம்பித்தாயே, அப்போது முற்றிவிட்டது. ஒரு பொங்கல் விருந்தில், ஊர்க்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு, "எங்க தாத்தா குதிரைப்படையில இருந்தவருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உங்கள் தாத்தா கோபியில் வெல்ல மண்டி வைத்திருந்தவர் என்று நான் குரலை உயர்த்திச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறைப்பதற்கென்ன, எனக்கு வயிறு எரிந்தது. கடையில் பில் போடுகிறவள் நீங்கள் எங்கிருந்து என்று கேட்பாள். நியூ ஜெர்சி என்பேன். இல்லை, உண்மையில் எங்கிருந்து என்று திரும்பக் கேட்பாள். இத்தனை வருடம் வரி கட்டியும் எனக்கு அந்த இரண்டாவது கேள்வியைத் தாண்ட முடியவில்லை. நீயோ இந்த மண்ணுக்கு அடியிலேயே ஓர் ஆளைப் பிடித்துவிட்டாய். என்னோடு ஒரே விமானத்தில் வந்தவன், எனக்கு முன்னால் ஊர்க்காரனாகிவிட்டாய். இது பாதிதான். மீதிப் பாதி அந்தச் சனிக்கிழமை.

அந்த வருட ஆடி அமாவாசைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். முன்னோருக்கு வைக்கிறதை இவருக்கும் வைக்க வேண்டுமல்லவா என்றாய். எடிசன் கடையில் உறையவைத்து விற்கும் வாழை இலை. போர்க்களத்தில் அவர்களுக்குக் கிடைத்தது கெட்டியான பிஸ்கட்டும் கடுங்காப்பியும்தான் என்று தெரிந்துகொண்டு அவை இரண்டும். கூடவே ஒரு கிண்ணம் நிறையக் கடைந்த கொள்ளுப் பருப்பு. தாத்தாவுக்கு எதற்குக் கொள்ளு என்று கேட்டேன்.

"தாத்தாவுக்கில்ல, குதிரைக்கு. அதை விட்டுட்டு இவருக்கு மட்டும் வெச்சா இவருக்கு மனசு ஒப்புமா?"

அமெரிக்கக் குதிரை ஓட்ஸ்தான் தின்னும் என்றேன். ருசி தெரியாத குதிரையாக இருந்திருக்கும், இப்போதாவது தின்னட்டும் என்றாய். காகம் ஒன்றுகூட வரவில்லை. குளத்துப் பக்கமிருந்து நான்கைந்து பெரிய வாத்துகள் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து மொத்தத்தையும் தின்றுவிட்டுப் போயின. நீ கையெடுத்துக் கும்பிட்டாய். நான் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சில வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு தாங்க்ஸ்கிவிங் நன்றி நாள் விருந்துக்கு ஒஹாயோவிலிருந்து லிண்டாவின் பெரியப்பா மகன் வந்திருந்தான். வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்தவனிடம் நீ உன் தாத்தா கதையை எடுத்தாய். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். எங்கள் வீட்டில் மூத்த மகனுக்கு எப்போதும் அப்பா பெயர்தானே, என் பெயரே என் அப்பா பெயர்தானே என்றான். தாத்தாவுடைய அப்பா தாமசின் அப்பாவும் ஒரு தாமஸ். செருப்புத் தைக்கிறவர், ஒரு கால் நொண்டி, குதிரைமேல் ஏறியதே கிடையாது. குதிரைப்படையில் இருந்தது அவருடைய மனைவியின் அண்ணன், வேறு பெயர், எங்கோ மேற்கே போய்ச் செத்தவர். நீங்கள் சொல்கிற ஆள் எங்களுக்கு யாரோ என்றான்.

லிண்டா உன் கைமேல் கை வைத்தாள். என் வயிற்றில் அவன் பாலை வார்த்தான். வெளியே வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் அடுத்த சனிக்கிழமைக்கு என்னென்ன வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ இரண்டு வாரம் எங்கும் போகவில்லை. விசாரித்துப் பார்த்ததில் அந்தச் சிப்பாய் காயத்தோடு திரும்பி வந்து, கல்யாணமே செய்யாமல் செத்துப்போனவன் என்று தெரிந்தது. கல்லை நட்டவள் அவன் தங்கை. அவளோடு அந்தக் குடும்பமே முடிந்துபோனது. மூன்றாவது வெள்ளிக்கிழமை உன் போன் வந்தது. எடிசனுக்கு எத்தனை மணிக்கு என்று கேட்கத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்தேன். நாளைக்குக் கல் கழுவப் போகிறேன் என்றாய்.

"அதான் அவன் உனக்கு ஒண்ணும் ஆகலையே. அப்பறம் எதுக்குடா போற?"

"அதனாலதான் மாப்ள. இத்தன நாள் தாத்தான்னு சொல்லிச் சோறு வெச்சுட்டு, இப்ப ஆருமில்லைன்னு தெரிஞ்சதும் உட்டுட்டு வந்தா நல்லாவா இருக்குது? அவனுக்கு வேற ஆரு இருக்கறா?"

"எனக்கு ஆரு இருக்கறா, சனிக்கிழமைல?"

சொல்லியே விட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவன் கேட்கிற கேள்வியா அது? நீ மெதுவாக, "நீயும் வா மாப்ள. உன்னய ஆரு வேண்டாம்னா?" என்றாய். நான் வரவில்லை. உறவுக்காரன் என்று போனபோதாவது ஒரு நியாயம் இருந்தது. யாரோ ஒருவனுக்காக என்னை விட்டுவிட்டுப் போனதை என்னால் செரிக்க முடியவில்லை.

போன குளிர்காலத்தில் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்துவிட்டாய். சுமதிதான் எனக்குச் சொன்னாள். உன் தம்பி கோபியிலிருந்து வந்தான். கொஞ்சம் சாம்பலை இங்கே வைத்துக்கொள்ளலாமா என்று லிண்டா அவனிடம் கேட்கப் போனவள், கேட்காமலே திரும்பி வந்தாள். எல்லாம் பவானி கூடுதுறைக்குத்தான் போக வேண்டும் என்று நீயே அவளிடம் பலமுறை சொல்லியிருந்தாயாம். அந்தப் பேச்சை அவள் காப்பாற்றினாள். தம்பி உன்னைக் கைப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். விமான நிலையத்தில் அவனை இறக்கிவிட்டுத் திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. உனக்கு இங்கே ஒரு பிடி மண் இல்லை. ஒரு கல் இல்லை. இத்தனை வருடத்துச் சண்டையை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது?

போன வாரம் லிண்டா போன் செய்தாள். கோயிலில் கொடுத்த தமிழ்க் காலண்டரில் நீ ஆடி அமாவாசையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தாயாம். இந்த வருடம் அந்தக் குதிரைக்காரரிடம் யார் போவது என்று கேட்டாள். கொள்ளு செய்யத் தெரியாததால் டப்பாவில் வரும் பீன்ஸை வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னாள். அந்தக் குதிரைமேல்கூட எனக்கு இரக்கம் வந்துவிட்டது. நானே செய்து எடுத்து வருகிறேன் என்றேன்.

போகும் வழியில்தான் ரசம் கொட்டியது. பருப்பு வேறு டப்பாவில் இருந்ததால் தப்பியது. லிண்டா உன் வாளியையும் பிரஷ்ஷையும் கொண்டுவந்திருந்தாள். நான் கல்லைத் தேய்த்தேன். முட்டி போட்டு உட்கார்ந்தால் எழுத்து முகத்துக்கு நேரே வருகிறது. அத்தனை சனிக்கிழமை நீ பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான் என்று பார்த்தேன். ஒரு பெயர், இரண்டு வாள், தங்கை வைத்தது என்று ஒரு வரி. என்னை விட இதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை, லிண்டா பக்கத்தில் நின்றாள்.

இலையைப் போட்டு, பிஸ்கட்டும் காப்பியும் வைத்து, பருப்பு டப்பாவைத் திறந்த பிறகுதான் கவனித்தேன். மேலே மிளகாய் சிவப்பாக மிதந்தது. நான் வீட்டில் ஒருநாளும் அப்படிச் செய்வதில்லை. எந்தக் குதிரையும் அதை வாயில் வைக்காது. யாருக்காகக் கிள்ளிப் போட்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இலைக் கட்டுக்குள் இன்னோர் இலை இருந்தது. அதை எடுத்துக் கழுவி, அவன் இலைக்குப் பக்கத்தில் விரித்தேன். லிண்டா உட்கார்ந்து இலை ஓரத்தைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டாள். பருப்பைப் பூராவும் உன் இலையில் வைத்தேன். கல்லைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காரு தம்பி, இன்னிக்கு ரெண்டு பேரு" என்று தமிழிலேயே சொன்னேன். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது, உன்னிடம் என்ன கூச்சம். லிண்டா அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

வாளியையும் பிரஷ்ஷையும் கிளம்பும்போது அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என் காரின் டிக்கியில்தான் இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமையும் போவேன் என்று நினைக்கிறேன். அவனுக்காக இல்லை, அதை நீ நன்றாகத் தெரிந்துகொள். இந்த நாட்டில் உன்னைப் பார்க்க எனக்கு அவன் வாசலை விட்டால் வேறு இடமில்லை, அவ்வளவுதான். அதிலும் அவன்தான் ஜெயித்தான்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாங்கள் காருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே குளத்துப் பக்கமிருந்து வாத்துகள் வந்துவிட்டன. திரும்பிப் பார்த்தேன். பருப்பெல்லாம் உன் இலையில் இருக்க, அவை முதலில் அவன் இலைக்குத்தான் போயின.