ஓரம் மழுக்கிய எழுத்து

பாடாங் மேஹா,
9.5.1988

அன்புள்ள கிளாரன்ஸ் அவர்களுக்கு,

உங்கள் மனைவி அகத்தா எழுதுவது. உங்கள் அப்பாவும் நானும் சுகம். அலோர் ஸ்டாரில் கம்ப்யூட்டர் கடை வைக்கப் போன மகன் எப்போது வருவான் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாமா, இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார். அதனால் நீங்களும் சங்கடப்பட வேண்டியதில்லை.

பொட்டலம் வந்தது. இங்கே ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லி மருந்து அடித்து நோயாளிகளான பதினேழு பெண்கள் வாக்குமூலம் சொல்லச் சொல்ல, நீங்கள் விட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில், நீங்கள் செய்த தமிழ் புரோகிராமில் தட்டினேன். பிரிண்டர் உங்களிடம் இருப்பதால் டிஸ்கை அனுப்பினேன். அச்சடித்துத் தரத்தான் சொன்னேன், அழகுபடுத்தச் சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு வரியின் கடைசி வார்த்தையும் தாளுக்கு வெளியே போயிருக்கிறது. திரும்பி வந்த டிஸ்கை இங்கே போட்டால் எழுத்துக்கு எழுத்து நடுவே ஒரு கட்டம் நின்று, ஒன்றும் படிக்க முடியவில்லை. தொழிற்சங்கத்து வக்கீல் வழக்குக்காக ஜூன் கடைசிக்குள் கேட்கிறார். இது என்ன வேலை?

அகத்தா


அலோர் ஸ்டார்,
17.5.1988

அகத்தா,

பழைய எழுத்து படிக்கட்டு மாதிரி நிற்கும். 'ழ'வைப் பார்த்தால் மிதிபட்ட நண்டு. புது புரோகிராமில் ஓரங்களை மென்மையாக்கியிருக்கிறேன். வளைவுகளில் அரைப் புள்ளி தள்ளி இன்னொரு முறை அடிக்கும். அதற்காக ஒவ்வோர் எழுத்துக்குப் பின்னாலும் ஒரு குறியைச் சேர்த்து வைக்கிறது. எழுத்தும் கொஞ்சம் அகலம். பழைய புரோகிராமுக்கு அது புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே அச்சகக்காரர்கள் பார்த்து வாயடைத்துப் போனார்கள். பாடாங் மேஹாவில் கிடக்கும் ஒற்றை மெஷினுக்காக நான் பின்னோக்கி நடக்க முடியாது.

வரி வரியாக மடித்துக் கொடுக்க எனக்கு நேரமில்லை. வரியைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் மறுபடி தட்டி அனுப்பு. பதினேழு பேர்தானே. தோட்டத்துப் பொம்பளைகள், மத்தியானத்துக்கு மேல் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள்.

கிளாரன்ஸ்


பாடாங் மேஹா,
22.5.1988

அன்புள்ள கிளாரன்ஸ் அவர்களுக்கு,

சும்மா உட்கார்ந்திருப்பவர்களில் ராக்காயி இல்லை. மார்ச் மாதம் புதைத்தோம். யார் வாயைக் கேட்டு நான் மறுபடி தட்டுவது? வேறு பிரதி கிடையாது.

அச்சகக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைக்கு வளைவு வேண்டும்தான், மறுக்கவில்லை. வேண்டியவர் கேட்டு எடுத்துக்கொள்கிற மாதிரி வையுங்கள். கேட்காதவருக்குப் பழைய எழுத்தும் பழைய வரியும் இருந்த மாதிரியே வரட்டும். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அடுத்தவர் எழுதியது அடுத்தவருடையது என்று தெரிந்தால் போதும்.

அடித்ததில் ஒரு வரியாவது படித்தீர்களா? 'கை நகமெல்லாம் கழண்டு போச்சு, சோறு பெசைய முடியல' என்றாள் ராக்காயி. உங்கள் அழகான எழுத்து 'சோறு பெசைய' என்பதோடு நின்றுவிட்டது.

அகத்தா


அலோர் ஸ்டார்,
14.6.1988

அகத்தா,

நீ சொன்ன மாதிரியே செய்துவிட்டேன். ஓரம் மென்மையாக வேண்டுமா என்று புரோகிராம் இப்போது கேட்கும். சும்மா விட்டால் பழைய எழுத்துதான் வரும். குறிகளை எழுத்தோடு கலக்காமல் தனியாக வைத்ததால் பழைய புரோகிராமிலும் திறக்கும். மூன்று வாரம் கடையைப் பார்க்கவில்லை. இங்கே இருந்த பிரதியிலிருந்து குறிகளை நீக்கிப் பதினேழையும் அடித்து, டிஸ்கோடு அனுப்பியிருக்கிறேன்.

இந்தத் தடவை படித்தேன். ஒழுகுகிற மருந்து டின்னை முதுகில் ஏற்றியது, அந்தக் காலத்தில் ஆட்களை மேய்த்த அப்பாதான், ஆர்தர் மண்டோர் என்று பெயரோடு ராக்காயி சொல்லியிருக்கிறாள். அந்த இடத்தில் 'ஒரு மண்டோர்' என்று மாற்றிவிட்டேன். அர்த்தம் கெடவில்லை. எழுபத்து நான்கு வயசில் அப்பாவை வக்கீல் முன்னால் நிறுத்துவது உனக்கு நியாயமாகத் தெரியலாம். அவர் வீட்டிலேயே சோறு தின்றுகொண்டு அவர் பெயரைத் தட்ட உனக்கு எப்படிக் கை வந்தது?

கிளாரன்ஸ்


பாடாங் மேஹா,
25.6.1988

அன்புள்ள கிளாரன்ஸ் அவர்களுக்கு,

தாள்கள் வந்தன. ஒரு வரிகூட வெட்டுப்படவில்லை. டிஸ்கும் பழைய மெஷினில் திறந்தது. வேலை சுத்தம். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

உங்கள் கடிதத்தையும் ராக்காயி சொன்னதையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"என் பேர எடுக்க இவன் யாருலா?" என்றார். "டின்னு ஒழுகுதுன்னு அந்தப் பொம்பள ரெண்டு தடவ வந்து சொன்னா. மானேஜர்கிட்ட போனா ஏசுவான்னு பயந்துகிட்டு, தூக்கிட்டுப் போன்னு நான்தான் வெரட்டுனேன். போட்டுரு மா."

போட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தை மட்டும் கையால் திரும்ப எழுதிக்கொண்டிருந்தபோதே அவர் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பஸ் ஏறிச் சங்க ஆபீசுக்குப் போனோம். ராக்காயி சொன்னதற்குக் கைநாட்டு வைக்க ராக்காயி இல்லை. அதனடியில், இது உண்மை என்று உங்கள் அப்பா கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில், "அவரை ஒரு தடவை வரச் சொல்லவா மாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

அதனால் இந்தக் கடிதத்தில் உங்களைக் கூப்பிடவில்லை.

அகத்தா