கல்யாணத்துக்குப் பாக்குக் கன்று

12 ஜனவரி, ஞாயிறு
மகள் ரூபினிக்கு நிச்சயத் தட்டு மாற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை கிஷன், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம்காரன். கல்யாணம் ஜூன் எட்டு. வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பாக்குக் கன்று கொடுப்போம், இருநூறையும் நானே முளைக்க வைக்கிறேன் என்று சபையில் சொல்லிவிட்டேன். இதுவரை நான் வளர்த்தது தொப்பை மட்டும்தான்.

28 ஜனவரி
பூஜை சாமான் கடையில் வாங்கிய கொட்டைப் பாக்கைப் புதைத்து, இரண்டு வாரமாகத் தண்ணீர் விட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு நூர்ஜான் அக்கா எட்டிப் பார்த்தார். "காய வச்ச பாக்குலா அது! வறுத்த கச்சான் கடலையையும் நட்டுப் பாருங்க தம்பி." மரத்தில் பழுத்த பழத்தைத் தோலோடு வைக்க வேண்டுமாம்.

2 பிப்ரவரி
பாலிக் பூலாவ் தோப்புப் பக்கம் போய் ஒரு சாக்கு நிறையப் பாக்குப் பழம் கொண்டுவந்தேன். மீன்காரரிடம் வாங்கிய வெள்ளைப் பெட்டிகளில் ஈரமான தேங்காய் நார்த்தூள். காம்புப் பக்கம் மேலே. மூடி போட்டாயிற்று.

2 மார்ச்
ஒன்றும் இல்லை. தோண்டிப் பார்த்தேன். தோண்டக் கூடாதாம்.

23 மார்ச்
இன்றும் இல்லை. ரூபினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இது முளைக்கலன்னா கல்யாணத்த நிறுத்திடலாமாப்பா?"
"பிளாஸ்டிக் மரம் வாங்கிக் குடுத்துடலாம்லா," என்றேன்.
நல்ல ஜோக். ஃபேக்டரியில் எல்லோரிடமும் சொன்னேன்.

11 ஏப்ரல்
முளைத்துவிட்டது! தோலைக் கிழித்துக்கொண்டு, வெள்ளையாய், ஊசி முனை போல — ஒன்பது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ரூபினி பார்த்தாள். அழுதாள். வீட்டை விட்டுப் போகிற பிள்ளை, கவலை இருக்காதா? கிஷன் வேறு மணிக்கொரு தரம் வீடியோ கால் போட்டு, எங்கே இருக்கிறாய், காட்டு என்கிறான். அவ்வளவு பாசம்.

3 மே
எப்படி எழுதுவது.
ரவிக்கை அளவு பார்க்கும்போது என் மனைவி கண்டுபிடித்திருக்கிறாள். ரூபினியின் மேல்கையில் விரல் விரலாய் நீலம். கிஷன்தான். முதல் தடவையும் இல்லையாம்.
"அப்பாட்ட ஏன்மா சொல்லல?"
"சொல்ல வந்தேன்ப்பா. நீங்க சிரிச்சீங்க."
தெனம் குனிஞ்சு குனிஞ்சு பாக்குப் பெட்டியப் பாத்தனே — எம்புள்ள மொகத்த ஒரு நாளாச்சும் பாத்தனா?

4 மே
அவர்கள் வைத்த தட்டுச் சாமான்களை எல்லாம் கட்டிக்கொண்டு ஃபெரி ஏறினேன். அக்கரை சேருவதற்குள் பெரிய பிரசங்கமே தயார். கிஷனின் அப்பா சொன்னார்: "கோவத்துல கை நீட்டியிருப்பான் அண்ணே. கார்டு அடிச்சாச்சு, மண்டபம் புக் பண்ணியாச்சு."
பிரசங்கம் முழுக்க மறந்துபோயிற்று. "வேணாங்க" மட்டும்தான் வந்தது. தட்டுச் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு வந்தேன்.

19 மே
சொந்தக்காரர் ஒருவர் போன் செய்தார். மண்டபத்தில் பிரச்சினை, தேதி தள்ளிப்போகிறது என்றேன். ரூபினி அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு வாரமாக வேலைக்குப் போவாள், வருவாள், அவ்வளவுதான். கீழே பசாருக்குக் காய்கறி வாங்கக் கூட இறங்குவதில்லை.
யாருக்கு வெட்கம்? அவளுக்கா, எனக்கா? எனக்குத்தான்.

8 ஜூன், ஞாயிறு
ஒன்பதில் தொடங்கியது, இப்போது நூற்று நாற்பது கன்றுகள் எங்கள் மாடி கோரிடோரில் வரிசையாய் நிற்கின்றன. நூர்ஜான் அக்கா கேட்டார்: "கல்யாணம் இன்னைக்குத்தானே இருந்துச்சு? எந்தத் தேதிக்கு மாத்தி வச்சிருக்கீங்க?"
திரும்பிப் பார்த்தேன். வாசலில் ரூபினி. உள்ளே போகவில்லை.
"கல்யாணம் இல்லக்கா. பையன் கை நீட்டினான். வேணாம்னு சொல்லிட்டோம்," என்றேன்.
அக்கா சாய்ந்திருந்த ஒரு கன்றை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "செஞ்சது சரிலா தம்பி," என்றார்.
ரூபினி செருப்பை மாட்டினாள். "பசாருக்கு வரீங்களாப்பா?"
நடந்தே போனோம். வழியில் மூன்று பேர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு பேருக்கு நான் சொன்னேன். மூன்றாவது ஆளுக்கு, நான் வாய் திறப்பதற்குள், ரூபினியே சொன்னாள்.