நவுன் என்றால் பேர்

அன்புள்ள அம்மாவுக்கு, சென்னிமலை எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்தப் பள்ளிவாசல் ஊரில் மலைக்குளிர்தான், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொன்னால் கத்திவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரிசார்ட்டில் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். “நவுன் என்றால் பேர். பேருக்குப் பதிலாக வருவது ப்ரோநவுன்” என்ற சார், ஆளுக்கொரு நவுன் கேட்டார். நான் என் பேரைச் சொன்னேன். நம் முருகன் மலையின் பேர் அவருக்குச் சிரிப்பாகிவிட்டது. “அதெல்லாம் கெஸ்ட் வாயில நுழையாது. இனிமே நீ சாம்” என்று சட்டையில் குத்தும் பேட்ஜை நீட்டினார்.

“ஏனுங்க சார், நவுன்னா பேருன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? என்ற பேரு என்னங்க தப்புப் பண்ணுச்சு?” என்றேன்.

“யூ, சிட் டவுன்!” என்றார். பேர் தெரிந்த ஒருவனை ‘யூ’ என்று அதட்டத்தானா அம்மா இலக்கணம்? கோபம் இன்னும் ஆறவில்லை.

பேட்ஜை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். கவலைப்படாதீர்கள், வேலை போகவில்லை. கெஸ்ட் கண்ணில் படாத லாண்டரிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மெஷினும் நானும்தான்.

நம் ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் கம்பளியும் பருப்புப் பொடியும் கொடுத்தனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் ‘கண்ணு’ வேண்டாம், என் பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள். ஷிப்ட் மணி அடித்துவிட்டது.

உங்கள் மகன்,
சென்னிமலை